பேச விட்டவள்

மாலை ஐந்து மணியானால் அந்த ஊரில் சலூன், தையல்கடை, அடுப்படி எங்கும் ஒரே குரல்தான் கேட்கும். "வணக்கம். உங்க முறை, பேசுங்க." அதற்குமேல் அவள் அதிகம் பேசமாட்டாள். ஊர் பேசும், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, பஸ் நிற்காமல் போகிறது, மருமகள் மதிப்பதில்லை, நகரசபைத் தலைவர் திருடன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, "வைக்கிறேன் அக்கா" என்று வைத்துவிடுவார்கள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அவளை எழுபதைத் தாண்டியவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வானொலி அக்கா.

நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு விதி. யாராக இருந்தாலும் ஒரு பாட்டு ஓடுகிற நேரம் பேசலாம். கெட்ட வார்த்தை வராதவரை நடுவில் வெட்டக் கூடாது. அந்த விதியைப் போட்டவர் அவளுடைய கணவர். ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஓர் ஆட்சியில், மாணவராக இருந்தபோது, ஒரு துண்டுப் பிரசுரத்துக்காகச் சிறைக்குப் போய் அடிவாங்கித் திரும்பியவர். ஆட்சி மாறியதும் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இந்த வானொலியை ஆரம்பித்தார். சந்தா கட்டுகிற நேயர்கள்தான் நிலையத்துக்குச் சொந்தக்காரர்கள். வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் கையைத் தூக்கி எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். நமக்குப் பிடித்தவனைப் பேசவைக்க மைக் எதற்கு, அவன் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போவானே, பிடிக்காதவனுக்குத்தான் மைக் வேண்டும் என்பது அவருடைய வாதம். சொல்லிவிட்டு, தானே பெரிய நகைச்சுவை சொன்னதுபோல் சிரித்துக்கொள்வார்.

அவர் போன பிறகு அந்த விதியை அவள் கண்ணாகக் காத்தாள். பிள்ளைகுட்டி கிடையாது. ஊரே அவளோடு பேசியது, ஆனால் வீட்டில் பல்லியைத் தவிர ஒரு சத்தம் இல்லை. நிகழ்ச்சி முடிந்து வந்து கதவைத் திறந்ததும், யாருக்கோ சொல்வதுபோல் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுவாள். தான் அப்படிச் சொல்கிறோம் என்பதே அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் கேட்டு, வீட்டில் விருந்தாளியா என்று விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

நிலையம் ஒரு செருப்புக்கடைக்கு மேல் இரண்டு அறை. ஓர் அறையில் அவள். நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர். அவரைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கீழே கடையில் யாராவது ஷட்டரை இழுப்பதற்கு முன்பே அவர் கை ஒலியைக் குறைக்கப் போயிருக்கும். சிரித்த முகம், பேச்சு குறைவு. இருபது வருஷமாக இருவரும் கண்ணாடியின் வழியே கையசைத்தே பேசிக்கொண்டார்கள். கட்டைவிரல் என்றால் சரி, காதைத் தொட்டால் சத்தம் போதவில்லை, நெஞ்சில் கை வைத்தால் இன்றைக்கு அழுகிற கேஸ் ஒன்று காத்திருக்கிறது, ஜாக்கிரதை. கணவர் இறந்த வாரம் அவள் நிகழ்ச்சிக்கு வந்தபோது, பேச வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிக்க, கேட்காமலேயே ஒரு பாட்டைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர்.

அவர் அக்கரைக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்த காலத்தில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு அவருடைய அப்பா பாலத்தைக் கடந்து வந்தார். அப்படி வந்தவர்கள் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு தெருவாகக் குடியிருந்தார்கள். அதை யாரும் பேச்சாக எடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்போதுதான் பூகோள வாத்தியார் ஒருவர் நிகழ்ச்சியில் பேச ஆரம்பித்தார்.

முதல் தடவை சாக்கடையைப் பற்றிப் பேசினார். எந்தத் தெருவில் மேடு, எந்தத் தெருவில் பள்ளம், மழைநீர் எங்கே தேங்குகிறது என்று அழகாக விளக்கினார். குரல் வெண்ணெய்போல இருந்தது. மற்றவர்கள் கத்துவார்கள், இவர் ஒரு சொல்லைக்கூட உயர்த்தவில்லை. முடிக்கும்போது, "உங்க தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருக்கே அம்மா, உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். ஊரே அக்கா என்கிறபோது அவர் மட்டும் அம்மா என்றார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அவள் மருந்துக்கடையில் நின்று தொண்டைக்கு மாத்திரை வாங்கினாள். அவளுடைய தொண்டையைப் பற்றி யாரும் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

செவ்வாய்தோறும் அவர் பேசினார். செவ்வாய் வந்தால் அவள் கொஞ்சம் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு போனாள். வானொலியில் உடை தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

சாக்கடையிலிருந்து அவர் மெல்ல மெல்ல மனிதர்களுக்கு வந்தார். தண்ணீர் ஏன் போதவில்லை, யார் எவ்வளவு குடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இடம் ஏன் இல்லை, யாருடைய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வியாகவே கேட்பார். பதில் சொல்லமாட்டார். "எங்களுக்கு அக்கரைமேல அக்கறை இல்லாம இல்ல அம்மா, முதல்ல இக்கரைமேல அக்கறை வேணும்னுதான் சொல்றோம்" என்று ஒருநாள் சிலேடையாகச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். கண்ணாடிக்கு அப்பால் காதுக்காரர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, அடுத்த அழைப்புக்குப் போய்விட்டாள்.

'எங்களுக்கு' என்று அவர் சொன்னது அணியை. ஊர்க்காவல் அணி என்று பெயர். சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு தெருவைக் கூட்டினார்கள், வயதானவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டார்கள், மின்கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்றால் நகரசபைக்கு முன்பே வந்து மாட்டினார்கள். பிறகு சுவரில் எழுதினார்கள். பிறகு தேர்தல் என்பதே ஊரைப் பிரிக்கிற வேலை, ஒரு வீட்டுக்கு ஒரு தலைவர்தானே என்று பேச ஆரம்பித்தார்கள். வானொலிக்குச் சந்தா கட்டிக் கும்பல் கும்பலாக நேயர்களாகவும் சேர்ந்தார்கள். பணப்பெட்டி நிறைந்ததில் நிலையத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்.

முதலில் சத்தம் போட்டவள் அவளுடைய நாத்தனார். கணவரின் தங்கை, நிலையத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவள், பேச்சில் மிளகாய். அந்த வாத்தியாரை இனிமேல் பேசவிடாதே என்று வீட்டுக்கே வந்து சொன்னாள்.

"வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில கட்டிக்கிறீங்க அண்ணி. அப்புறம் குடையுதே குத்துதேன்னா யார் வருவாங்க?"

அவர் இதுவரை ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லையே என்றாள் அவள். இன்றைக்கு எனக்குப் பிடிக்காததால் அவரை வெட்டினால், நாளைக்கு வேறொருத்தி இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குப் பிடிக்காததால் உன்னை வெட்டுவாள் என்றாள். உன் அண்ணன் சிறைக்குப் போனது எதற்காக என்று கேட்டாள். அண்ணனை இழுத்தால் அந்தக் குடும்பத்தில் எந்த வாதமும் முடிந்துவிடும்.

காதுக்காரரிடம் அந்த வாதம் எடுபடவில்லை. மழைக்கால ஆரம்பத்தில் ஒரு செவ்வாய், வாத்தியாரின் அழைப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தபோது, அவர் அதை இணைக்காமல் பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து அவளுடைய அறைக்குள் வந்தார். நிகழ்ச்சி நடக்கும்போது அவர் அப்படி வந்ததே கிடையாது.

"அக்கா, இன்னிக்கி இந்த ஆள் வேண்டாமே."

"ஏங்க, என்ன பேசிடப்போறார்?"

"என்ன பேசினாலும் என் வீட்டு அடுப்படியிலயும் இந்த ரேடியோதான் ஓடுது. வீட்டுக்காரி நிறுத்தவும் மாட்டேங்கறா. என் பேர் கடைசியில வருமேன்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கா."

நீங்களும் ஒருநாள் பேசுங்களேன், அவருக்குப் பதில் சொல்லுங்கள், உங்களுக்கும் ஒரு பாட்டு நேரம் உண்டு என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, "அவருக்கு அது வாதம் அக்கா. எனக்கு வீடு" என்றார். அதற்குள் பாட்டு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. அவர் போய் உட்கார்ந்து அழைப்பை இணைத்தார். வேலை வேலைதான் அவருக்கு.

அன்றைக்கு வாத்தியார் தண்ணீர்த்தொட்டியைப் பற்றிப் பேசினார். தொட்டியிலிருந்து கிளம்புகிற முதல் குழாய் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று கேட்டார். அந்தத் தெருவில் பச்சைக் கதவு போட்ட வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யாராவது போய்ப் பார்த்ததுண்டா என்று கேட்டார். அடிக்கவேண்டாம், திட்டவேண்டாம், நாம் பண்பானவர்கள் என்றார். "சும்மா போய்ப் பாருங்க. பார்க்கறதுக்கு யாருகிட்ட அனுமதி வேணும்? இன்னிக்கே போங்க, எல்லாருமாப் போங்க."

பச்சைக் கதவு வீடு காதுக்காரருடையது. அவள் பலமுறை அந்தக் கதவைத் தட்டி உள்ளே போய்ச் சாப்பிட்டிருக்கிறாள். அழைப்பை வெட்டுகிற பொத்தானில் அவளுடைய விரல் இருந்தது. கெட்ட வார்த்தை எதுவும் வரவில்லை. வரட்டும் என்று விரல் காத்திருந்தது. வரவில்லை. வாத்தியார் வழக்கம்போல அவள் உடம்பை விசாரித்துவிட்டு வைத்தார். கண்ணாடிக்கு அப்பால் காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவள் அந்தத் தெருவுக்கு ஓடினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எத்தனையோ கலவரம் பற்றிக் கேள்விப்பட்டவள், கல்லும் தீயும் இருக்கும் என்று பயந்துகொண்டு போனாள். ஒன்றுமில்லை. ஆட்கள் குடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். பச்சைக் கதவுக்கு எதிரே, தெருவை அடைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக, சத்தமில்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் சட்டைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களெல்லாம் அவளுக்குத் தெரிந்தவர்கள். முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்தவர்கள். மருமகள் மதிப்பதில்லை என்று அழுத அம்மாள் இருந்தாள். பஸ்ஸுக்காகச் சண்டை போட்ட தையல்காரர் இருந்தார்.

"வாங்க அக்கா," என்று குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினார் தையல்காரர். "நீங்களும் பார்க்க வந்தீங்களா?"

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. காதுக்காரரின் மனைவி குப்பைவாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் மரியாதையாக விலகி வழிவிட்டது. அவள் தெருமுனைவரை நடந்து குப்பையைக் கொட்டிவிட்டு அதே வழியாகத் திரும்பி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. திரும்பும்போது குடைகளுக்கு நடுவே அக்கா நிற்பதை மட்டும் பார்த்தாள். ஒரு விநாடி நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகச்சொல்லி அவர்களிடம் அக்கா கெஞ்சினாள். மழை, சளி பிடிக்கும், போங்கள் என்றெல்லாம் சொன்னாள். நாங்க ஒண்ணுமே பண்ணலையே அக்கா என்றார்கள். உண்மையிலேயே அவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். காவல் நிலையத்துக்கு ஓடினாள். தெருவில் நிற்பது குற்றமில்லை என்றார்கள். அடுத்த நாளும் நின்றார்கள். அதற்கடுத்த நாளும். அந்த வாரம் முடிவதற்குள் பச்சைக் கதவு பூட்டிக்கொண்டது. அவர் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எந்த ஊருக்குப் போனார்கள் என்று பக்கத்து வீட்டிலும் சொல்ல மறுத்துவிட்டார்கள். அவர்களும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த செவ்வாய், கண்ணாடிக்கு அப்பால் புது ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவள் காட்டிய சைகை ஒன்றும் அவனுக்குப் புரியவில்லை. வாத்தியாரின் அழைப்பு வந்தது. ஊர்மக்கள் காட்டிய கட்டுப்பாட்டுக்கு நன்றி சொன்னார். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் ஒரு தெரு சரியாகியிருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் சில வீடுகள் உண்டு என்று ஆரம்பித்தார்.

அவள் வெட்டினாள். காலியாகிப்போன அலைவரிசையில் தன் மூச்சு தனக்கே கேட்டது.

"இவரை நான் பேசவிடப்போறதில்ல," என்றாள் ஊரைப் பார்த்து. "இவர் நினைக்கறது எனக்குப் பிடிக்கலங்கறதுக்காக இல்ல. இவர் சொன்னதைக் கேட்டு ஒரு குடும்பம் வீட்டை விட்டுப் போயிருக்கு. இன்னொரு வீட்டுக்கு வழி காட்ட இந்த மைக் கிடையாது."

அடுத்து வந்த அழைப்பு ஒரு கிழவருடையது. நல்லவர், அணிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. "என்ன அக்கா, விதி என்னாச்சு?" என்று வருத்தமாகக் கேட்டார். அதற்கடுத்தவரும் அதையே கேட்டார். அன்றைக்கு முழுக்க அதே கேள்விதான். தெரு காலியானதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சந்தாதாரர் கூட்டத்தை அவசரமாகக் கூட்டினார்கள். கூட்டம் பெருத்துவிட்டதால் சினிமாக் கொட்டகையை வாடகைக்கு எடுக்கவேண்டியிருந்தது. நாத்தனாரின் நாற்காலி காலி. மகனுடைய லாரிகளுக்கு நகரசபை ஒப்பந்தம் வரப்போகிற நேரம், காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வாத்தியாரை அன்றுதான் அக்கா நேரில் பார்த்தாள். குள்ளமாக, பட்டன் பிய்ந்த கோட்டோடு, எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். அம்மாமேல் தனக்கு ஒரு துளி கோபமில்லை என்றார். ஆனால் விதி என்றால் அது எல்லோருக்கும் விதிதானே, ஆளுக்கொரு விதியா என்று கேட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கணவரோடு சிறையிலிருந்த நண்பர் ஒருவர், வக்கீல், முன்வரிசையில் இருந்தார். அவர் எழுந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அணியைத் தான் வெறுப்பதாகச் சொன்னார். ஆனாலும் பிடிக்காதவனுக்குத்தான் மைக் என்று சொன்ன தன் நண்பனின் நிலையம் இது, அவன் இருந்திருந்தால் இந்த வெட்டை ஒப்புக்கொண்டிருக்கமாட்டான் என்றார். சொல்லிவிட்டு, அழாத குறையாக, அவளை நீக்குவதற்குக் கையைத் தூக்கினார். அவருடைய மெலிந்த கையைப் பார்த்ததும் தயங்கிக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் தெம்பு வந்தது.

அவளை நீக்கியாயிற்று. உடனே இரண்டாவது தீர்மானம் வந்தது. இனிமேல் இக்கரையில் பிறந்தவர்கள் மட்டுமே பேசலாம், யார் பேசுவது என்பதை ஒரு குழு முன்கூட்டியே முடிவு செய்யும். வக்கீல் பதறி எழுந்து, இது விதியையே கொல்வதாயிற்றே என்றார். கூட்டத்துக்கு நேரமில்லை என்று அவரை உட்காரவைத்தார்கள். ஒரு பாட்டு நேரம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

படியிறங்கும்போது வாத்தியார் அவளுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கேட்டாள்: அந்த விதியைக் காட்டித்தானே என்னை அனுப்பினீர்கள், மறுநிமிஷம் அதையே அழித்துவிட்டீர்களே?

அவர் நிஜமாகவே வியந்தார். "அது உங்க விதிதானே அம்மா. நாங்க என்னிக்கி எங்க விதின்னு சொன்னோம்?"

அதன் பிறகு அவளுக்கு மாலை ஐந்து மணி பெரிய பாரமாகிவிட்டது. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வெளியே போவாள். வெளியே போனால் கடைகளிலெல்லாம் அந்த நிகழ்ச்சிதான், வேறொரு குரலில். எல்லோரும் ஒன்றுபோல் பேசினார்கள். ஒருவரும் ஒருவரை மறுக்கவில்லை. மருமகளைப் பற்றிக்கூட யாரும் குறை சொல்லவில்லை. தையல்காரர் அவளைப் பார்த்தால் துணிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். நாத்தனார் ஒருநாள் வந்தாள். வந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, அழுதாள். "நான் அப்பவே சொன்னேனே அண்ணி" என்றாள். சொன்னாய், நீ சொன்னதுதான் சரி என்று அவள் ஒப்புக்கொண்டாள். அப்புறம் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் இவளும் வரமாட்டாள். கேட்காமல் விட்டும் நாத்தனார் அதற்குப் பிறகு வரவில்லை.

இரவெல்லாம் கணவரோடு சண்டை போட்டாள். உங்கள் விதியைத்தானே காத்தேன் என்பாள். நீங்கள் எழுதியது உங்களை அடித்தவர்களை மனதில் வைத்து. அவர்கள் வாயை மூடச் சொன்னார்கள், இவர் வாய் நிறையப் பேசித்தானே தெருவைக் காலி செய்தார், இதை நீங்கள் யோசிக்கவில்லையே என்பாள். செத்தவர் என்ன சொல்வார். ஒருநாள் அவளுக்கே தோன்றியது, அவர் யோசிக்காததை யோசிப்பதற்குத்தானே தான் இருந்தது என்று. வார்த்தையைப் பார்த்திருந்தாள், கெட்ட வார்த்தை வருகிறதா என்று. வீட்டைப் பார்த்திருக்கவேண்டும்.

மக்களை அண்டைவீட்டார்மேல் ஏவிவிடுவது குற்றம் என்று நாட்டில் இன்னும் ஒரு சட்டம் இருந்தது. தூசு படிந்து கிடந்தாலும் யாரும் இன்னும் நீக்கவில்லை. அவள் போய்ப் புகார் கொடுத்தாள். ஒலிப்பதிவு வேண்டும் என்றார்கள். அது அழிந்துபோனதாக நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் பாதிக்கப்பட்டவர்கள் யாராவது சாட்சி சொல்லவேண்டும் என்றாள், வழக்கை எடுக்க முன்வந்த ஒரே வக்கீலம்மா. விசாரித்து விசாரித்துக் காதுக்காரர் இருக்கிற ஊரை வக்கீலம்மாவே கண்டுபிடித்தும் கொடுத்தாள்.

அரைநாள் பஸ் பயணம். காதுக்காரர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பழைய சிரிப்பு ஒரு கணம் வந்துவிட்டுப் போனது. வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒற்றை அறை, ஒரு தையல் இயந்திரம், ஜன்னலில் கெட்டியான திரை. மனைவி தேநீர் கொடுத்தாள். உட்காரவில்லை.

சாட்சிக்கு வரமுடியுமா என்று அக்கா கேட்டாள். மனைவிதான் பேசினாள்.

"இவர் உங்களைக் குறை சொல்லமாட்டார். நான் சொல்லுவேன். நீங்க எங்க வீட்டுல சாப்பிட்டிருக்கீங்க. அந்த மழையில நீங்களும் குடைக்குக் கீழ நின்னீங்க."

அவர்களைப் போகச்சொல்லத்தான் வந்தேன் என்றாள் அவள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? பார்க்கறதுக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் தெரிஞ்சீங்க." மனைவி தம்ளரை வாங்கிக்கொண்டாள். "இந்தத் தெருவுல நாங்க யாருன்னு யாருக்கும் தெரியாது. மகள் பள்ளிக்கூடம் போறா. சாட்சிக்கு வந்தா பேப்பர்ல வரும். எங்களை விட்டுடுங்க."

அவள் தலையாட்டினாள். வற்புறுத்த அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது. காதுக்காரர் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். கிடங்குக் குளிரில் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, ஒரு பக்கம் சரியாகக் கேட்பதில்லை என்றார். மருத்துவரிடம் காட்டுங்கள் என்றாள். காட்டவேண்டும் என்றார். பஸ் வந்தது. அவளுக்கு நிறையச் சொல்லவேண்டியிருந்தது. அவர் கேட்கிற பக்கத்தில் தான் நிற்கிறோமா என்று தெரியாமல், பேசாமல் ஏறிக்கொண்டாள்.

சாட்சியில்லாமல் வழக்கு நிற்காது என்றாள் வக்கீலம்மா. நான் இருக்கிறேனே என்றாள் அக்கா. நீங்கள் சாட்சி சொன்னால் முதல் குற்றவாளி நீங்கள்தான் ஆவீர்கள், உங்கள் நிகழ்ச்சிதானே, வெட்டுகிற பொத்தானில் இருந்தது உங்கள் விரல்தானே என்றாள் வக்கீலம்மா. ஆகட்டும் என்றாள் அக்கா.

விசாரணை வருவதற்குள் வாத்தியார் நகரசபைத் தலைவராகியிருந்தார். அவர் வரவில்லை, அவருடைய வக்கீல் வந்தார். நீதிமன்றம் நிறைந்திருந்தது. அவள் உட்கார்ந்த பெஞ்சில் மட்டும் இரண்டு பக்கமும் இடம் இருந்தது. வந்தவர்கள் சுவரோரம் நின்றாலும் நின்றார்கள், அவளருகில் உட்காரவில்லை.

கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்த முகமாகக் கேட்டார்.

"அன்னிக்கி அவரைப் பேசவிட்டது யாரு?"

"நான்தான்."

"தடுக்க உங்களுக்கு அதிகாரம் இருந்துதா?"

"இருந்துது."

"அவர் பேசினது அவ்வளவு பெரிய குற்றம்னா நீங்க ஏன் தடுக்கல?"

கேட்பதே தொழிலாக இருந்தவளுக்கு, ஒரு கூட்டம் தன்னைக் கேட்கக் காத்திருப்பது பழக்கமில்லாத விஷயம்.

"அவர் மரியாதையாப் பேசினார்," என்றாள். "மரியாதையாப் பேசறவர் கெட்டது செய்யமாட்டார்னு நெனச்சேன். அதுவும் இல்லாம, எனக்கு அவர் பேச்சு பிடிச்சிருந்துது. என்னை விசாரிக்க வேற ஆள் இல்ல. அந்த வீட்டுக்காரங்க என்னைவிடத் தனியா இருந்தாங்கங்கறது எனக்கு அப்ப தெரியல."

வாக்குமூலத்தை எழுதுகிறவர் கையை நிறுத்தி, கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். திரும்பச் சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள்.

நீதிபதி வழக்கை இன்னொரு தேதிக்குத் தள்ளிவைத்தார். அது அப்படியே இன்னும் சில தடவை தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் அவள் போனாள். ஒருமுறை வாயிலில் சாம்பல் சட்டைப் பையன்கள் வழிமறித்து நின்றார்கள், தொடவில்லை, திட்டவில்லை, பார்த்தபடி நின்றார்கள். அவளும் நின்று அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாருடைய பிள்ளை என்று இரண்டு பேரை அடையாளம் தெரிந்தது. உன் அம்மாவின் முழங்கால்வலி எப்படி இருக்கிறது என்று ஒருவனிடம் கேட்டாள். அவன் நண்பர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு வழிவிட்டான்.

உள்ளே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து, தன்னைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மழை பெய்துகொண்டிருந்ததால் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவருகில் நின்றுகொண்டாள்.